மழை நாளில் உலர்ந்த பித்தளை

புளியும் ஈரப் பித்தளையும் கலந்த வாசனை மூக்கில் பட்டால் போதும், எங்கே இருந்தாலும் நான் மறுபடி மலாக்காவில் காஜா பெராங் வாடகை வீட்டின் பின்பக்கத்தில் குந்தியிருப்பேன். மெர்டேகா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த புதிது. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.

என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஆயுத அறை வேலை. சுட்டுப்போட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை வீட்டுக்குக் கொண்டு வருவார். கழுவுவது நான். கழுவிய கூட்டின் வாய்க்குள் பஞ்சை விட்டுச் சுழற்றுவார். இழை மாட்டினால் விரிசல், குறட்டால் நசுக்கிவிடுவார். மற்றவை கிளப்புக்குத் திரும்பிப் போய், புது வெடிமருந்தும் குண்டும் வாங்கிக்கொண்டு மறுபடி தோட்டாவாகும்.

குத்துவிளக்குத் தேய்க்கிற கை எனக்கு. புளி போட்டால் பித்தளை சிரிக்கும். கழுவியதும் வெயிலில் பரப்பிவிடுவேன். நெருப்பு ஆகாது என்று அவர் சொன்னதில்லை. மலாக்கா வெயிலை அவ்வளவு நம்பியிருந்தார்.

அந்த வாரம் மூன்று நாளாக மழை. ஞாயிற்றுக்கிழமை போட்டி. கூடுகள் நாற்பதும் ஈரமாகவே கிடந்தன. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவிடம் குவாலி என்கிற பெரிய இரும்பு வாணலியை இரவல் வாங்கி, கரியடுப்பில் ஏற்றினேன். கலகலவென்று என்ன சத்தம்! சட்டிக்குள் மழை பெய்வது போல.

ஞாயிறு காலை, கொடியில் கிடந்த துண்டைப் பிழிந்துகொண்டே அவர் கேட்டார்.

"ஏம்மா, இந்தத் துண்டு மூணு நாளா காயல. கூடு மட்டும் எப்படி காஞ்சுச்சு?"

"செட்டி அம்மா குவாலியில போட்டு வறுத்தேங்க, உளுந்து வறுக்குற மாதிரி. சிலதுக்கு அடியில நீலமா கறை புடிச்சுச்சு. புளி போட்டுத் தேச்சேன், போயிடுச்சு."

துண்டு கீழே விழுந்தது.

"எதுக்கெல்லாம் நீலம் புடிச்சுச்சு?"

"இப்ப எப்படிங்க தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு இருந்துச்சே."

அதுதான் வினை. கூட்டின் அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும். சூடு பட்டால் இளகிவிடும். அந்த நீலம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். அதையும் அழித்து வைத்திருந்தேன். இளகிய கூடு வெடியைத் தாங்காமல் பிளந்தால், தீ பின்னோக்கி வந்து, சுடுகிறவர் முகத்தில் அடிக்கும். முந்தின நாளே அவர் அந்த நாற்பதையும் தோட்டாவாக்கி முடித்திருந்தார். முதல் வரிசையில் படுத்துச் சுடப்போவது என் அண்ணன்.

சைக்கிளின் பின்னால் ஏறினேன். செங் ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்களின் ஓரம், சேறு முழங்கால்வரை தெறிக்க. அவர் எழுந்து நின்று மிதித்தார். ஒவ்வொரு மேட்டிலும் வெடிச்சத்தத்துக்காகக் காதைத் தீட்டினேன். மழை, மழை, மழை மட்டுமே. நாக்கு புளித்தது. அண்ணன் கண்ணை நினைத்தேன், நினைக்காமல் இருக்கப் பார்த்தேன், நினைத்தேன்.

தகரக் கூரையடியில் எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்டால்தான் போட்டியாம். அண்ணன் மடியில் தோட்டாப் பெட்டி, மூடி திறக்காமல். மூன்று நாள் திட்டித் தீர்த்த மழையைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"என்ன மச்சான், பொண்டாட்டியக் குளிப்பாட்டிக் கூட்டி வந்திருக்கீங்க?" என்றான் அண்ணன்.

"பெட்டியக் குடுங்க மொதல்ல."

அவர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் வாய்விட்டுச் சிரித்தான், கோப்பி மூக்கில் ஏற.

"வறுத்தியா? உப்பு, மொளகாத்தூள் போடலயா?"

மூவரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் சட்டென்று நிறுத்தினார்.

"நெருப்பு ஆகாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்," என்றார். கல்யாணமான பிறகு அவர் என்னிடம் ஒப்புக்கொண்ட முதல் தப்பு.

ஆயுத அறையில் அவர் ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டி, நாற்பது கூடுகளையும் குறட்டால் நசுக்கினார். ஒவ்வொரு நசுங்கலுக்கும் என் மூச்சு கொஞ்சம் இறங்கியது. மழை விட்டது. அண்ணன் புதுத் தோட்டாக்களுடன் கிளம்பினான். ஈரப் புல்லில் நாலடி வைத்துவிட்டுத் திரும்பினான்.

"தங்கச்சி, ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது. நீ வீட்டுக்குப் போய் அந்தச் செட்டி அம்மாவோட குவாலியத் திருப்பிக் குடு."