ஒரு பெட்டி, மூன்று முள், இரண்டு காது

பழைய ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறவனுக்கு மூன்று சாமான் வேண்டும்: சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், காது. முதல் இரண்டும் தேய்ந்தால் காஞ்சிபுரம் போய் வேறு வாங்கி வரலாம். மூன்றாவது தேய்ந்தால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு ஐம்பத்தேழு வயது. போன வருஷம் என்னுடைய மூன்றாவது சாமான் பழுதானது. பழுதானது தெரியாமலே ஆறு மாசம் ஊராருக்குச் சத்தம் சரிபண்ணிக் கொடுத்தேன். பழைய பெட்டிகளோடு மாரடிக்கும் சக பாவிகளே, உங்களுக்கும் ஐம்பது தாண்டியிருந்தால் மேலே படியுங்கள்.

கடை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பாதிக் கடை எனக்கு, மறுபாதி வசந்தாவுக்கு. அவள் செல்போன் சர்வீஸ் செய்கிறவள். நடுவில் ஒரே ஒரு மேஜை, அதன் கீழே தெருநாய் ஒன்று. அதற்கு நாங்கள் வாடகை கேட்பதில்லை.

சந்தனப் பொட்டு

தேவராஜ் சாலவாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மைக் செட் வைத்திருக்கிறார். அவரிடம் மரப்பெட்டிக்குள் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும், இசைத்தட்டு சுற்றும் பிளேயரும் உண்டு. இந்தக் காலத்தில் தட்டு எதற்கு என்று கேட்பீர்கள். அவர் ஊர் அம்மன் கோயிலில் ஒரு வருஷம் கொடியேறும்போது பென் டிரைவைச் சொருகினார்கள். பாதிக் கொடி ஏறுகையில் கல்யாணக் குத்துப்பாட்டு அலறியது. அன்றைக்கே ஊர்க்கூட்டம் போட்டு, கொடியேற்றத்துக்கு முதல் பாட்டு நாதஸ்வரத் தட்டில்தான் என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சத்தமே இல்லை என்றார். ஆம்ப்ளிஃபையரில் ஒரு குறையும் இல்லை. பிளேயரின் கையைத் தூக்கிப் பார்த்தால் முள் நுனியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். முள் அதிர்வதைக் கரண்டாக மாற்றும் சின்னத் தலைக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பேர். இவருடையது பழைய கிறிஸ்டல் வகை. ஈரம் பட்டால் அதற்கு ஆயுசு கிடையாது. ஈரச் சந்தனத்தை அப்பியதில் அது அமைதியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பொட்டு வைத்தது அவர் மனைவி கன்னியம்மா. கூடவே வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"எங்க வூட்டுக்கு சோறு போட்றதே அந்த முள்ளுதாண்ணா. அதுக்கு வெக்காம வெறும் பெட்டிக்கு மட்டும் பொட்டு வெச்சா ஞாயமா கீதா?"

பெட்டி மேல் கை

கிறிஸ்டல் முள் இப்போது கிடைப்பது கஷ்டம். சென்னையிலிருந்து காந்த வகை ஒன்று வரவழைத்தேன். சிக்கல் என்னவென்றால், கிறிஸ்டல் கத்திப் பேசும், காந்தம் முணுமுணுக்கும். கத்துகிறவனுக்காகச் செய்த ஆம்ப்ளிஃபையரில் முணுமுணுக்கிறவனை மாட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். அதனால் முணுமுணுப்பைப் பெரிசாக்க ஒரு சின்ன போர்டு செய்து உள்ளே பொருத்தினேன். கனத்த கீழ்ச்சத்தமும் கீச்சென்ற மேல்சத்தமும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. நான் கணக்கை மதிக்கிறவன்தான், ஆனால் என் காதை அதற்கு மேலே மதித்தேன். மேல்சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்து, நாதஸ்வரம் எனக்குப் பளிச்சென்று கேட்கும் வரை திருகினேன். திருகிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தைக் கிருத்திகைக்கு முருகன் கோயிலில் ஒத்திகை பார்த்தோம். பெட்டியிலிருந்து ஒயர் இழுத்துப் பெரிய ஆம்ப்ளிஃபையருக்கும், அங்கிருந்து வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கருக்கும் கொடுத்தோம். ஸ்விட்சைப் போட்டதும் பாட்டுக்குப் பின்னால் 'கொய்ங்' என்று ஒரு இரைச்சல். எர்த் சரியில்லை. தேவராஜ் பெட்டியின் இரும்பில் கையை வைத்தார், இரைச்சல் நின்றது. எடுத்தார், வந்தது. அபிஷேகம் தொடங்கிவிட்டது, வேறு வழியில்லை. ஒன்றே கால் மணி நேரம் மனிதர் வைத்த கையை எடுக்கவில்லை, மூக்கு அரித்தபோதுகூட. பிறகு நான் போர் பம்பு பைப்பில் ஒயர் கட்டி எர்த் கொடுத்தேன் என்பது வேறு விஷயம். பிரசாதம் கொடுக்க வந்த தர்மகர்த்தா கண் கலங்கிவிட்டார்.

"இன்னா பக்தி பாரு! நானும் எத்தினியோ மைக் செட்டுக்காரன பாத்துக்கீறேன், சாமிக்காக இப்பிடி பெட்டி மேல கை வெச்சிக்கினு நின்னவன பாத்ததில்ல."

ஒரு ரூபாய் பாரம்

பத்து நாளில் தேவராஜ் மறுபடி வந்தார். முள் படுத்துவிட்டது என்றார். நிஜமாகவே படுத்திருந்தது, பாய் விரிக்காத குறை. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஜனங்கள் நடக்கிற அதிர்வில் முள் துள்ளாமல் இருக்க, பிளேயர் கையின் தலையில் ஒரு ரூபாய் நாணயம் வைப்பது மைக் செட்டுக்காரர்களின் வழக்கம். கிறிஸ்டல் முள் அந்தப் பாரத்தைத் தாங்கும். காந்த முள்ளுக்கு அது தாங்குமா? வேறு முள் போட்டேன். அது போனால் கைகொடுக்க, சிவப்பு மூக்கு வைத்த சீனா செராமிக் முள் ஒன்றையும் ஸ்டெப்னியாக வாங்கி வைத்தேன். அது கிறிஸ்டலுக்குத் தம்பி மாதிரி, பாரம் தாங்கும், கத்தவும் செய்யும். மாட்டியிருக்கும் முள்ளுக்கு ஏற்றபடி என் போர்டைச் சேர்க்கவோ விலக்கவோ பெட்டியின் பின்னால் ஒரு ஸ்விட்ச் வைத்தேன். மேலே தள்ளினால் காந்தம், கீழே தள்ளினால் சீனா. மேலே இருக்கும்போது நாணயம் கூடவே கூடாது என்று நாலு தடவை சொன்னேன். தேவராஜ் நாலு தடவையும் தலையாட்டினார். வாசலில் இறங்கியவர் திரும்பி வந்து கேட்டார்.

"ரூபா வேணாம், சரி. எட்டணா வெக்கலாமா அண்ணாத்த?"

நாய் எழுந்து போனது

மாசியில் புதுப் புகார். பாட்டு கத்துகிறது, நாயனம் காதில் ஊசி குத்துகிறது என்றார் தேவராஜ். போட்டுக் கேட்டேன். எனக்கு ஒன்றும் குத்தவில்லை. கொஞ்சம் மந்தமாக இருப்பதாகவே பட்டது. இன்னும் அரைச் சுற்று கூட்டிக் கொடுத்தேன். நாலாம் நாள் திரும்பி வந்தார். தட்டைக் குறை சொன்னேன், குழாயைக் குறை சொன்னேன், ஒயரைக் குறை சொன்னேன். மூன்றாவது தடவை வந்தபோது குறை சொல்ல வேப்பமரம்தான் பாக்கி.

அன்று மத்தியானம் வசந்தா ஒரு போனின் ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவளிடம் ஒரு ஆப் உண்டு, கீழ்ச்சத்தத்தில் தொடங்கி மேலே மேலே ஏறும். கொஞ்ச தூரம் வரை எனக்கும் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. சோதனை முடிந்தது என்று நினைத்து நிமிர்ந்தால், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு காதைப் பொத்தியிருக்கிறாள். போன் திரையில் எண் ஏறிக்கொண்டே இருக்கிறது. என்னம்மா, நின்றுபோனதற்குப் போய்க் காதைப் பொத்துகிறாயே என்றேன். அவள் என்னையே பார்த்தாள். முப்பது வருஷமாக இந்தக் காதை வைத்துச் சாப்பிடுகிறவன் நான். அது போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் யார் என்னிடம் பெட்டியைக் கொண்டுவருவார்கள்?

"இதுகூட கேக்கலயாண்ணா? அங்க பாருங்க, நாயே தாங்காம எழுந்து போயிடுச்சி."

யார் சொன்னது?

மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமல் விடலாம். குறையைச் சீனா முள் மேல் போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் சித்திரையில் கொடி. ஊர் காதில் ஊசி குத்தினால் தேவராஜை விட்டுவிட்டு வேறு செட்டுக்குப் போய்விடுவார்கள். நான் கெடுத்ததற்கு அவர் ஏன் கெட வேண்டும்? சாலவாக்கம் டவுன் பஸ்ஸில் ஏறினேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடி, கடைசியில் ஒன்றும் அகப்படாமல், அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கொட்டிவிட்டேன்.

"தேவராஜ், எனக்கு மேல்சத்தம் கேக்கறதில்ல. கேக்காமத்தான் உன் பெட்டிய கண்டபடி திருகிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நின்றேன். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாட்டு கத்துகிறது என்று நீதானே மூன்று தடவை வந்து சொன்னாய், உனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்றேன்.

"நானா சொன்னேன்? கன்னிம்மா சொல்லி அனுப்பிச்சி, நான் வந்து ஒப்பிச்சேன். குயா ஸ்பீக்கருக்குக் கீயவே முப்பது வருசம் குந்திக்கினு கீறேனே, எனக்கு மட்டும் காது கீதா இன்னா?"

கொடி

மறுநாள் கன்னியம்மா கடைக்கு வந்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் வசந்தா, நடுவில் நாதஸ்வரத் தட்டு. ஸ்க்ரூ டிரைவர் மட்டும் என் கையில். குறை என்றால் குறைத்தேன், போதும் என்றால் நிறுத்தினேன். இருவருக்கும் இரண்டு தடவை சண்டை வந்தது, பிறகு ஒத்துப்போனார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தேன். திருகு, புத்தகத்துக் கணக்கு சொன்ன இடத்தில் வந்து நின்றிருந்தது. நான் அவமானத்தை வசந்தா வாங்கிக் கொடுத்த டீயோடு சேர்த்துக் குடித்தேன்.

சித்திரையில் கொடியேறியது. காந்த முள்ளிலேயே போட்டோம், எர்த் ஒயர் பம்பு பைப்பில். முதல் பாட்டு தொடங்கியதும் நான் கோயிலைப் பார்க்கவில்லை, கன்னியம்மா முகத்தைத்தான் பார்த்தேன். எனக்கு நாயனம் கனத்த போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலக் கேட்டது. வருத்தமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் பெண்கள் கைகூப்பி நின்றார்கள், ஒரு குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு வந்தது. பாட்டு பாதி போகையில், பழக்க தோஷத்தில் தேவராஜின் கை சட்டைப் பைக்குப் போய் ஒரு ரூபாய் நாணயத்தோடு வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினால் எனக்கும் கேட்குமே என்று என் கையும் திருகுப் பக்கம் போயிருந்தது. கன்னியம்மா இரண்டையும் பார்த்துவிட்டார்.

"பாட்டு அயகா கீது. நீங்க ரெண்டு பேரும் கைய கட்டிக்கினு அப்பிடி ஓரமா நில்லுங்க."

இப்போது என் கடையில் சால்டரிங் அயர்ன் என்னுடையது, மல்டிமீட்டர் என்னுடையது, காது வசந்தாவுடையது, அவள் லீவு போடுகிற அன்றைக்கு மேஜைக்குக் கீழே இருக்கிற நாய் எழுந்து போகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.