மார்கழியில் வெறும் வயிறு

என் கணவரின் இடது கால் கட்டைவிரலில் ஒரு புண். கார்த்திகை தீபத்தன்று வாசற்படியில் இடித்துக்கொண்டது. மார்கழி பிறந்து ஒரு வாரமாகியும் ஆறவில்லை. மஞ்சள் பற்று, தேங்காயெண்ணெய், கடையில் கேட்டு வாங்கிய களிம்பு எல்லாம் போட்டாகிவிட்டது. லால்குடியில் என் மாமனாருக்கும் இப்படித்தான் ஒரு விரலில் ஆரம்பித்தது. சர்க்கரை வியாதி என்று தெரிவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமனாரின் காலே கண்ணில் நின்றது.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூப்பிடாதே. விரலைக் காட்டினா காலைக் கேப்பான்" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். சரி, பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதாமே, அங்கே போகலாம் என்றேன். எங்கே இருக்கிறது என்றார். எனக்குத் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்து பதினோரு வருஷம். எந்தக் கடையில் எத்தனை மணிக்கு வடை சூடாக இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது தெரியாது.

மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். "அது மாசமா இருக்கறவங்களுக்கும் கைக்குழந்தைக்கும்தாங்க" என்றார். பூக்காரம்மாவைக் கேட்டேன். "சொட்டு மருந்து போடற கட்டடமா? தினம் அந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தானே என்கிட்ட பூ வாங்குறீங்க!" என்று சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் பெயர்ப்பலகையை முக்கால்வாசி மறைத்திருந்தன. மறுநாள் காலை அவரை அழைத்துக்கொண்டு போனபோது போஸ்டர்களை நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இடம் பொருத்தமாத்தான் இருக்கு" என்றார்.

உள்ளே கணீரென்ற குரலோடு ஒரு நர்ஸ். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து, சின்னக் கருவியில் வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க ஐயா?"

"ஒண்ணும் சாப்பிடலையே."

"ஒண்ணுமேவா?"

"சக்கரைப் பொங்கல் மட்டும். பிரசாதம்."

எங்கள் ஊரில் இது பொய்யே இல்லை. பிரசாதம் சாப்பாட்டில் சேராது. அதுவும் மார்கழியில் தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு சன்னதியில் விடியும் முன்பே தொன்னையில் பொங்கல் கிடைக்கும். கையை நீட்டி வாங்காமல் போனால் கொடுப்பவர் மனசு மட்டுமல்ல, உள்ளே இருப்பவர் மனசும் புண்படும் என்பது என் கணவரின் கட்சி.

"பெருமாள் குடுத்தாலும் சக்கரை சக்கரைதாங்க ஐயா. இந்த நம்பரை வச்சு ஒண்ணும் உறுதியா சொல்ல முடியாது. நாளைக்கு வெறும் வயித்துல வாங்க. தண்ணி மட்டும் குடிக்கலாம்" என்றார் நர்ஸ்.

மறுநாள் தனியாகவே போய்வருகிறேன் என்று கிளம்பினார். நானும் நம்பினேன், என் புத்தியைச் சொல்லவேண்டும். திரும்பி வந்தவரின் சட்டையில் புளியோதரை மஞ்சள். "இனிப்புதானே கூடாதுன்னாங்க" என்றார் ஒன்றும் தெரியாதவர் போல. சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'பிரசாதமும் சாப்பாடுதான்' என்று நர்ஸ் சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அன்று முழுக்க நான் திட்டியதில் எதிர்வீட்டார் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள்.

மூன்றாம் நாள் நானே அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கோயில் எதுவும் வராத வழியாகப் போகலாம் என்று திட்டம். ஸ்ரீரங்கத்தில் அப்படி ஒரு வழி கிடையாது என்பது பாதி தூரம் போனபிறகுதான் புரிந்தது. சந்து திரும்பியதும் ஒரு குட்டிப் பிள்ளையார் கோயில். குருக்கள் சுண்டலும் கையுமாக நின்றார். இவர் கை தானாக நீண்டது. பட்டென்று ஒரு அடி போட்டேன். குருக்கள் திகைத்துப்போய் சுண்டலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

நடுத்தெருவில் வைத்துக் கத்தப்போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அதற்குள் அவர் மெதுவாகச் சொன்னார்: "தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். ரெண்டு நாளும்."

"ஏங்க?"

"அந்த நம்பர் எனக்குத் தெரியவேண்டாம். அப்பாவைக் கட்டில்லேருந்து தூக்கி உக்கார வச்சவன் நான். பயமா இருக்கு."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை நாளும் பயந்தது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வயதில் தெருவில் கைபிடித்து நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

நர்ஸ் எங்களைக் கண்டதும் முதலில் அவர் வாயைத்தான் பார்த்தார். பிறகு விரலில் குத்தினார். கருவி எண்ணைக் காட்டியது. "சக்கரை இருக்குங்க ஐயா" என்று சொல்லி உள்ளே டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் சின்னப் பெண். கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். கண்ணை மூடச்சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இவர் ஒவ்வொன்றுக்கும் "தெரியுதும்மா, தெரியுதும்மா" என்று ஸ்கூல் பிள்ளை போலச் சொன்னார். மாத்திரை எழுதும்வரை பொறுத்திருந்தார். அப்புறம் முடியவில்லை.

"கால் இருக்குமாம்மா?"

டாக்டர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "கால் எங்கயும் போகலைங்க. ஆனா புண் ஆறுற வரைக்கும் அது தினம் இங்க வந்தாகணும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே அழுதார். வெளியே வந்தோம். வாசலில் கிடந்த செருப்புகளில் அவருடையதைத் தேடி எடுத்து, குனிந்து, புதுக் கட்டின்மேல் படாமல் நானே அவர் காலில் மாட்டிவிட்டேன்.