118 எழுதிய பக்கம்

என் தங்கை தர்ஷிகா ஹட்டன் நகரத்தில் ஒரு போட்டோகாப்பிக் கடையில் வேலை செய்கிறாள். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் ஒற்றை அறை வீட்டு வரிசையில், அப்படிச் சித்தியடைந்த முதல் ஆள் அவள்தான் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் எதிர்க் காம்பரா சர்மிளா முந்திக்கொண்டாள். ஆகவே இரண்டாவது ஆள். நான் எட்டாம் வகுப்போடு நின்று, தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பக்கம் வேலை பார்ப்பவன். தங்கையைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்கூடக் கூடிவிடக் கூடாது என்று கவனமாகத்தான் எழுதுகிறேன்.

டிக்கோயாவைத் தாண்டி பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் இருக்கிறது எங்கள் ஊசிப்பாறைத் தோட்டம். ஊசிப்பாறை என்பது நாங்கள் சொல்லும் பெயர். துரைமாருக்கும் தபாலுக்கும் வேறொரு இங்கிலீஷ் பெயர் உண்டு. கடையில் ஆள் வராத ஒரு மழை நாளில் தர்ஷிகா விக்கிப்பீடியாவில் தேடியிருக்கிறாள். இங்கிலீஷ் பெயரில் ஒரு பக்கம் இருந்தது. அதில் இருந்தது ஒரே வரி: இது ஒரு தேயிலைத் தோட்டமாகும்.

"பாத்தீங்களா நானா? இம்புட்டுப் பெரிய தோட்டத்துக்கு ஒத்த வரி!" என்று கடை முதலாளி ஸஃப்வானிடம் காட்டியிருக்கிறாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"யார் வேணும்னாலும் எழுதலாமாமே. நீயே எழுதிப் போடு தங்கச்சி."

எழுதிப் போட்டாள். ஊசிப்பாறை என்ற பெயர், தோட்டத்தின் பிரிவுகள், மாரியம்மன் கோயில், பாடசாலை, தொங்கு பாலம் என்று ஆள் வராத நேரமெல்லாம் கடையின் இணைய இணைப்பிலேயே உட்கார்ந்து எழுதினாள். எழுதியதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்று வாசிகசாலையில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினாள். ஆனால் கணக்கு மட்டும் திறக்கவில்லை. "பதிவு செய்க" என்று அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதியிருக்கும். பதிவு என்ற சொல்லைக் கண்டாலே அவளுக்குக் கை பின்னால் போய்விடும். பிறப்புப் பதிவு, காணிப் பதிவு, வாக்காளர் பதிவு என்று ஆட்கள் கடதாசிக் கட்டோடு வந்து அழுவதை அவள் தினமும் பார்க்கிறாள்.

"கிராம சேவகர் கடிதம் கேப்பாங்க நானா. அப்புறம் அதுக்கு ரெண்டு பிரதி கேப்பாங்க."

"அப்ப நமக்குத்தானே வியாபாரம்!" என்றாராம் ஸஃப்வான்.

கணக்கு இல்லாமல் எழுதினால், எழுதியவரின் பெயர் வரும் இடத்தில் இணைப்பின் எண் விழும். நான்கு துண்டாக, நடுவில் புள்ளி வைத்த எண். தர்ஷிகாவின் வேலைக்கெல்லாம் விழுந்த எண் 118 என்று முடிந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை ஒரு பேர் என்றுதான் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு கணக்கில் போடுவார். அதை வைத்து நான்தான் ஒருமுறை கேலி செய்தேன்.

"ஏம்மா, கொழுந்து கொறஞ்சாகூட கண்டாக்கு அரைப் பேராவது போடுவாரு. நீ இவ்வளவு எழுதியும் ஒனக்கு ஒரு பேரும் இல்லையா?"

"போண்ணே, எழுத்து இருந்தா போதும்" என்றாள். அப்போது அப்படித்தான் சொன்னாள்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பு, எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமியின், கொழும்பில் வேலை செய்யும் மகன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தகப்பனுக்குப் போன் எடுத்திருக்கிறான். சங்கத் தலைவர் அப்படியே பூரித்துப்போனார். நம் தோட்டத்தை உலகத்துக்குக் காட்டியவருக்குத் திருவிழா மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். யார் எழுதியது என்று மகனிடம் கேட்டார். மகன் எண்ணை வாசித்தான்.

எங்கள் தோட்டத்தில் எண் என்றால் அது ஆள்தான். கொழுந்து நிறுக்கும்போது கூப்பிடுவது எண்ணை, சம்பளத்துக்குக் கூப்பிடுவதும் எண்ணை. யாருக்கு எது என்று எல்லோருக்கும் மனப்பாடம். தலைவர் விரல் மடக்கி விளக்கினார்: முதல் துண்டு மாவட்டம், இரண்டாவது தோட்டம், மூன்றாவது டிவிசன், கடைசித் துண்டு ஆள்.

"நூத்திப் பதினெட்டு யாரு? நம்ம கவ்வாத்துப் பழனியாண்டி!"

பழனியாண்டி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். கையில் இருப்பது பட்டன் போன். அதிலும் வந்த அழைப்பை எடுக்க மட்டும்தான் தெரியும். மேடையில் மைக்கில் அவர் பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற தர்ஷிகாவின் முகம் சுருங்கியது.

"அண்ணே, அது நான்."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறித் தலைவர் காதில் சொன்னேன்.

"ஒன் தங்கச்சியா? அவ தோட்டத்துல பேரே பதியலையேப்பா! டவுன்ல வேலை செய்யிற புள்ளைக்கு ஏது நம்பரு? எறங்கு, எறங்கு, தவில்காரரு நிக்கிறாரு."

பொன்னாடை பழனியாண்டியின் தோளில் விழுந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. அம்மன் கோயிலில் கொடுப்பதை ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து தர்ஷிகா சரியாகச் சாப்பிடவில்லை. எழுத்து இருந்தால் போதும் என்றவள், தன் எழுத்து இன்னொருவர் தோளில் போய் உட்கார்ந்ததைத் தாங்கவில்லை. அது பத்தாது என்று, அவள் வேலைக்குப் போகும் வழியெல்லாம் பழனியாண்டியின் புகழ்தான். அவர் வாசலில் ஆட்கள் கூடினார்கள். ஒருவர் தன் பாட்டனார் பெயரைப் போடச் சொன்னார். இன்னொருவர் பரிசு வாங்கிய தன் பசுவைப் போடச் சொன்னார். பழனியாண்டி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

"ஐயா, நெசமாவே நீங்கதான் எழுதுனீங்களா?" என்று நான் நேரிலேயே கேட்டேன்.

அவர் யோசித்தார். "எல்லாரும் சொல்றாங்களேப்பா. தூக்கத்துல எழுதியிருப்பேனோ?"

பந்தல் பிரிக்கும் ஞாயிற்றுக்கிழமை, கோயில் முற்றத்தில் எல்லோரும் இருந்தபோது தர்ஷிகா நேராகத் தலைவரிடம் போனாள்.

"தலைவரே, அந்தப் பக்கத்த எழுதுனது நான். இப்ப ஒங்க கண்ணு முன்னாடியே ஒரு வரி எழுதுறேன். எந்த நம்பர் விழுதுன்னு நீங்களே பாருங்க."

சர்மிளாவின் போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் சுற்றி நின்றோம். தர்ஷிகா தன் போனில் தொங்கு பாலத்தைப் பற்றி ஒரு வரி எழுதிச் சேமித்தாள். எண் விழுந்தது. கடைசித் துண்டு 43.

கடையின் இணைப்பு வேறு, போனின் இணைப்பு வேறு என்பது அவசரத்தில் அவளுக்கே மறந்துவிட்டது.

"நாப்பத்து மூணா?" என்றார் தலைவர். "அது நம்ம ஜீவராணில்ல!"

கொழுந்து பறிக்கும் ஜீவராணி அக்கா கையிலிருந்த சாணிக் கூடையைக் கீழே போட்டார். "ஐயோ, ஆத்தா மேல சத்தியமா நான் ஒன்னும் எழுதல! நான் இப்பதான முத்தம் கூட்டிக்கிட்டு நிக்கிறேன்!"

முற்றமே சிரித்தது. பழனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை. தனக்குப் போட்டி வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

தர்ஷிகாவின் கண் நிறைந்துவிட்டது. அழுதுவிடுவாள் என்று நான் கிட்டப் போனேன். அவள் அழவில்லை. போனை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, இவ்வளவு காலம் தொடாத "பதிவு செய்க" என்பதை ஒரே குத்தாகக் குத்தினாள்.

"என்னா புள்ள பண்ற?"

"பேரு பதியிறேன்."

"பதியிறதா? கிராம சேவகர் கடிதம் எங்க?"

"கேக்கல தலைவரே."

"அடையாள அட்டை?"

"அதுவும் கேக்கல. பேரு ஒன்னு, கடவுச்சொல் ஒன்னு. அம்புட்டுதான்."

இவ்வளவு லேசான பதிவை அந்த முற்றத்தில் யாரும் அதுவரை கண்டதில்லை. உடனே ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். ஊசிப்பாறைத் தோட்ட மக்கள் என்று போடு என்றார் ஒருவர். கோயில் பரிபாலன சபை என்று போடு, தலைவர், செயலாளர் பெயரையும் சேர் என்றார் தலைவர்.

"ஒரு கணக்குக்கு ஒரு ஆளுதான் தலைவரே. சபைக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க."

"சபைக்கே குடுக்க மாட்டாங்களா? என்னா எடம் இது!"

தொங்கு பாலத்து வரியைக் கொஞ்சம் திருத்தி மறுபடியும் சேமித்தாள். சர்மிளாவின் போனில் இந்தமுறை எண் விழவில்லை. "ஊசிப்பாறை தர்ஷிகா" என்று விழுந்தது. போன் கை மாறி முற்றத்தைச் சுற்றி வந்தது. நான் அதை இரண்டு தரம் வாங்கிப் பார்த்தேன்.

"சரி, இது நீதான்" என்றார் தலைவர். "அப்ப அந்த நூத்திப் பதினெட்டு?"

"பழசு நம்பராவேதான் இருக்கும். அத என் பேருக்கு மாத்த முடியாது."

பழனியாண்டி தொண்டையைச் செருமினார். "தலைவரே, பொன்னாடை வாங்குன நாள்லருந்து நானும் பாக்குறேன், எனக்கு ஒரு வரியும் வரல. அந்தப் புள்ளையாத்தான் இருக்கும்." தோளைத் தடவிக்கொண்டு, "ஆனா பொன்னாடைய எங்க வீட்டுக்காரி சாமிப் படத்துக்குப் போட்டுட்டா" என்றார்.

"சாமிக்குப் போட்டத யாரு கேக்கப்போறா பெரியப்பா? இருக்கட்டும்" என்றாள் தர்ஷிகா. அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த கிழமையே தலைவர் ஹட்டனுக்குப் பஸ் ஏறிக் கடைக்குப் போய்விட்டார். பாட்டனார்க்காரரும் பசுக்காரரும் அவருக்கு முன்பே வந்து நின்றார்களாம். தோட்டத்துக்குக் கொங்கிரீட் பாதை போட்டது தான்தான் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் தலைவர்.

"பத்திரிகையில வந்திருக்கா தலைவரே?"

"நான் சொல்றேனே, அது பத்தாதா?"

"பத்தாது. இப்ப எழுதுனா என் பேருல்ல விழும். நாளைக்கு யாராவது கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

தலைவர் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கடைத்தெருவுக்கே கேட்கும்படி ஸஃப்வானிடம் சொல்லிவிட்டுப் போனாராம்:

"நம்பரா இருந்தப்ப இந்தப் புள்ளைக்கு இம்புட்டு ராங்கி இல்ல முதலாளி!"