சாஜிதாவின் வெள்ளிக்கிழமை வாசிப்பு

கூத்தாநல்லூர் சாஜிதாவுக்குப் படிப்பென்றால் உயிர். பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். கல்யாணம் முந்திக்கொண்டதில் கல்லூரிக்குப் போகவில்லை. மகள் சுமையாவையாவது புத்தகமும் கையுமாக வளர்க்க வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. கணவன் நௌஷாத் குவைத்தில் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை பார்த்தான்.

சுமையா மூன்றாம் வகுப்புக்குப் போனதும் மாலதி டீச்சர் சாஜிதாவை அழைத்தார்.

"மத்த பிள்ளைங்க எங்கேயோ போயிட்டாங்க. வீட்டுல தினம் அரை மணி நேரம் வாசிக்க வைங்க."

அன்றிலிருந்து மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் வாசிப்பு. புத்தகத்தைக் கண்டாலே சுமையாவுக்கு வயிற்றுவலி வந்தது. 'படகு' என்பதை 'பகடு' என்பாள். முந்தின வரியில் சொன்ன வார்த்தையே அடுத்த வரியில் அந்நியமாகிவிடும்.

ஒருநாள் ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் கடகடவென்று ஒப்பித்தாள். பூரித்துப்போன சாஜிதா எட்டிப் பார்த்தாள். விரிந்திருந்தது வேறு பக்கம். பக்கத்து வீட்டுப் பெண் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். சாஜிதாவின் கை ஓங்கிக் கன்னத்தில் விழுந்தது.

சுமையா அழவில்லை. "நான் மக்குப் பிள்ளையாம்மா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நௌஷாத் வீடியோவில் வந்தான். சாஜிதா கொட்டித் தீர்த்தாள்.

"அவள அடிக்காத சாஜி. எனக்கும் அப்படித்தான்."

"என்ன அப்படித்தான்?"

"எழுத்து நிக்காது. எட்டாவதுல பெஞ்சு மேல ஏத்தி வாசிக்கச் சொன்னாங்க. அதோட பள்ளிக்கூடம் போகல. இங்க மூட்டையில இருக்குற படத்தையும் கலரையும் வச்சுத்தான் சமாளிக்கிறேன்."

ஒன்பது வருடத்தில் அவன் ஒரு வரிகூட எழுதி அனுப்பியதில்லை. எல்லாமே குரல் பதிவுகள். அதைப் பாசம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"ஏன் மச்சான் சொல்லல?"

"ரெண்டாவதா வந்த பொண்ணக் கட்டிட்டு இத எப்படிச் சொல்றது?"

முதலில் அவன்மேல் கோபம் வந்தது. பிறகு கோபமெல்லாம் தன் கையின்மேல் திரும்பியது. தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். புத்தியில் குறையில்லை, வாசிப்பதில்தான் சிக்கல், வாரம் ஒருமுறை பயிற்சிக்கு வரவேண்டும் என்றார் அவர்.

"கொஞ்ச நாள் அவள வாசிக்கச் சொல்லாதீங்க. நீங்க வாசிங்க, அவ கேக்கட்டும்."

அதன்பின் வெள்ளிதோறும் போனைச் சொம்பில் சாய்த்துவைத்து, அப்பனுக்கும் மகளுக்குமாக சாஜிதா வாசித்தாள். இரண்டு வாரம் சுமையா சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். பக்கம் புரட்ட அம்மாவின் கை அசைந்தால் அவள் தோள் சுருங்கியது. அதைக் கண்ட சாஜிதா கையை மெல்ல நகர்த்திப் பக்கம் புரட்டப் பழகினாள். மூன்றாவது வாரம், வெள்ளத்தில் போன ஆட்டுக்குட்டியின் கதை.

"அந்தக் குட்டி என்னாச்சு?" என்றான் நௌஷாத்.

"அவசரப்படாதீங்க அத்தா, அம்மா இன்னும் முடிக்கல" என்றாள் சுமையா, சுவரிலிருந்து திரும்பி.

ஏப்ரலில் சாஜிதா பள்ளிக்குப் போய் டாக்டரின் சீட்டைக் காட்டினாள்.

"இவள எழுப்பி நிக்கவச்சு வாசிக்கச் சொல்லாதீங்க டீச்சர்."

மாலதி சீட்டை இரண்டுமுறை படித்தார். "எனக்கு இது தெரியாமப் போச்சு. நான் சொல்ல மாட்டேங்க. நாலாவதுக்கு யார் வருவாங்கன்னுதான் தெரியல."

சாஜிதா அந்தச் சீட்டுக்கு நான்கு நகல் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.