போலீசுக்குப் போய்ச் சேராத மனு

"தை 7, செவ்வாய்க்கிழமை, காலை மணி 6.40. பள்ளவாய்க்காலை ஒட்டிய எங்கள் நிலத்தில் தெரு நாட்டாண்மை ஆட்களுடன் அத்துமீறி நுழைந்து செங்கொடி நட்டிருக்கிறார். அறுவடையைத் தடுப்பதே நோக்கம். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

நாலாக மடித்த இந்த வெள்ளைத்தாளில் இருப்பது என் கையெழுத்து. தாளில் நாட்டாண்மையின் முழுப்பெயர் இருக்கிறது, ஆண்டும் இருக்கிறது. இரண்டையும் இங்கே விட்டுவிடுகிறேன். ஆண்டைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் நாலைந்து பேர் உண்டு.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கோட்டையில் புது ஆட்சி வந்து, குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் போட்டிருந்த காலம். நன்னிலம் வட்டாரத்தில் கூலி நெல்லை எத்தனை மரக்கால் அளப்பது என்று ஒவ்வொரு அறுப்புக்கும் தகராறு நடந்தது. வயலில் செங்கொடி நட்டுவிட்டால் பேசித் தீர்க்கும்வரை யாரும் அங்கே அரிவாள் வைக்க முடியாது. பக்கத்து ஊர் ஒன்றில் கொடியில் தொடங்கிய சண்டை உயிர்ச்சேதத்தில் முடிந்திருந்தது. வயல்வேலை செய்யும் குடும்பங்களின் சார்பில் எங்கள் ஊரில் கூலி பேச வருபவர்தான் அந்த நாட்டாண்மை. அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அன்று காலை கொல்லைப்பக்கம் போன சித்தப்பா, வாயில் இருந்த பல்குச்சியை எறிந்துவிட்டு ஓடி வந்தார்.

"நட்டுட்டானுவடா! இன்னிக்கு வயல்ல, நாளைக்கு வாசல்ல!"

போய்ப் பார்த்தேன். மூடுபனி. நான்கு வயல் தள்ளி, முற்றிய சம்பாவுக்கு மேலே ஒரு மூங்கில் கழி. அதன் உச்சியில் சிவப்பாக ஏதோ தொங்கியது. பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"தனியா போனா மடக்கிப் போட்டுருவானுவ. உக்காந்து எழுதுடா. நீதான் நல்லா எழுதுவியே."

"நாட்டாண்மை நட்டதை யாராவது பாத்தாங்களா சித்தப்பா?"

"பாக்கணுமாக்கும்! இந்த ஊர்ல வேற எவன்கிட்ட கொடி இருக்கு?"

எழுதினேன். வண்டிச்சத்தம் கேட்டால்கூட மணி பார்த்துக் குறித்துவைக்கிறவன் நான். ஆனால் யாருமே பார்க்காத ஒன்றை, பார்த்ததுபோல, நேரம் போட்டு எழுதினேன். இதற்குள் சித்தப்பா, சீர்காழிப் பக்கமிருந்து அறுப்புக்கு ஆள் ஏற்றி வர லாரிக்குச் சொல்லியனுப்பத் தயாராகிவிட்டார். வெளியாள் இறங்கினால் அடிதடி நிச்சயம். என் மனு போலீஸ் நிலையத்துக்குப் போனால் அதற்கு முன்பே நாட்டாண்மையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் நன்னிலம் கிளம்பினேன். சாலைத் திருப்பத்து டீக்கடையில் சர்வேயர் நின்றிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். தஞ்சாவூரில் உருது பேசும் குடும்பம்; எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சைக்கிள் கேரியரில் அளவுச் சங்கிலிப் பை.

"சார், உங்க பக்கந்தான் வர்றேன். பள்ளவாய்க்கால் ஓரத்துல என் கொடி நிக்குதா, பார்த்தீங்களா? எவனாவது கோவணத்துக்குக் கிழிச்சிட்டுப் போயிருக்கப் போறான்."

"உங்க கொடியா?"

"நேத்து வாய்க்காலை அளந்தோமில்ல, இருட்டிடுச்சு. விட்ட எடத்துலேருந்து பிடிக்கலாம்னு நட்டுட்டு வந்தேன். உங்க வீட்டுல சொல்லச் சொல்லித் தலையாரிகிட்ட சொன்னேனே?"

தலையாரி மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டது எனக்குத் தெரியும். மனுவை எடுத்து நீட்டினேன். சிரித்துக்கொண்டே படித்தவர், பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இவரா? நேத்து எனக்கு இளநி வெட்டிக் குடுத்தவராச்சே சார்?"

பிறகு தலையை ஆட்டி, "தில் கா தாட்" என்றார். எனக்குப் புரியவில்லை.

"தில்னா எள்ளு, தாட்னா பனைமரம். எள்ளைப் போய்ப் பனைமரமாக்கறது. டீயில சக்கரை கம்மின்னு நான் குதிச்சா எங்க அம்மா இதத்தான் சொல்லும். நீங்க பனைமரத்தை நட்டு, போலீசையும் அது மேல ஏத்தப் பார்த்தீங்களே!"

டீக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கொடுத்த டீயைக் குடித்து முடித்தேன்.

இருவரும் வயலுக்குத் திரும்பினோம். ஒரு வரப்பில் சித்தப்பாவும் இரண்டு ஆட்களும். எதிர்வரப்பில் நாட்டாண்மையும் அவருடன் முப்பது பேரும். நடுவே அந்தக் கழி. இரு பக்கத்தாரும் அதை நெருங்கவில்லை. சர்வேயர் தன் கொடி என்று சொன்னதும் நாட்டாண்மை கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சித்தப்பாவிடம் சொன்னார்:

"நீங்க நட்டதுன்னுல்ல நாங்க நிக்கிறோம். நெலத்தை அளந்து எவனுக்கோ விக்கப்போறீங்கன்னு தெருவே சோறாக்காம கெடக்கு."

சர்வேயர் பனியில் நனைந்து சுருண்டிருந்த துணியை உதறினார். பாதி சிவப்பு, பாதி வெள்ளை.

"எங்க கொடின்னா அருவா சுத்தியல் இருக்குமுங்க," என்றாள் கூட்டத்தில் ஒரு பெண். "இதுல அழுக்குத்தான் இருக்கு!"

சித்தப்பா, "துணி சின்னதா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். அதற்குத்தான் இரண்டு வரப்பும் சேர்ந்து சிரித்தன. லாரிக்கு ஆள் போகவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூலி பேசினார்கள். அரை நாள் இழுத்தது, ஆனால் பேச்சோடு முடிந்தது. அதே தெருக்காரர்கள்தான் அறுத்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பதறினாலும் "தில் கா தாட்" என்பது வழக்கமாகிவிட்டது. பால் திரிந்ததற்கு, பேருந்து தவறியதற்கு, பேரனின் காய்ச்சலுக்கு. சொன்னதும் பாதிப் பதற்றம் இறங்கிவிடும். ஆனால் அன்று எள்ளாவது இருந்ததா என்று யோசிக்கிறேன். நான் நடக்காமல் விட்டது நான்கு வயல் தூரம்தான்.

சர்வேயர் மறு வருடம் மாற்றலாகி மயிலாடுதுறைப் பக்கம் போனார். சித்தப்பாவும் நாட்டாண்மையும் இப்போது இல்லை. பள்ளவாய்க்கால் நிலத்தைப் போன வருடம் நாட்டாண்மையின் மகன் வாங்கினார். வளைகுடாவில் பொறியாளராக இருந்து திரும்பியவர். பத்திரப்பதிவு அன்று நான் கையெழுத்துப் போடும்போது குனிந்து பார்த்துச் சொன்னார்:

"அப்பா சொல்லும் சார், உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு."

சங்கத்துக் கரும்பலகையில் உர விலையை நான்தான் எழுதுவேன். அவர் அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் டீக்கடையில் சர்வேயரிடம் கொடுத்த மனு மறுபடி என் கைக்கு எப்போது வந்தது? அன்றைய குறிப்பேட்டில் டீ குடித்த நேரம் இருக்கிறது, வயலுக்கு வந்த நேரம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. வரப்பில் சர்வேயர் கையில் ஒரு தாள் இருந்ததாக ஞாபகம். நாட்டாண்மை அவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

மனுவின் அடியில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இது நிலையத்துக்குப் போகவில்லை, உறுதி. இதில் பெயர் உள்ளவர் இதைப் படித்தாரா என்பது உறுதிசெய்யப்படவில்லை."