கிண்ணத்தின் அடியில் இருந்த பெயர்

'பர்மாவில் சேகரிக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். மகள் அனுப்பிய படத்துக்குக் கீழே அந்தச் சொல்லைப் பார்த்ததுமே எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. சேகரித்தார்களாம். கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கினால் அது சேகரிப்பு. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் புகுந்து, அலமாரியில் இருந்த வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பேர்.

மகள் மேல்படிப்புக்குப் போயிருக்கும் சீமை நகரத்தில் ஓர் அருங்காட்சியகம். மழைக்கு ஒதுங்க உள்ளே போனவள், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்திருக்கிறாள். வயிற்றைச் சுற்றி மயிலும் மானும் மரமுமாகப் புடைப்பு வேலை. "நம்ம டிரங்குப் பெட்டியில இருக்கிறது மாதிரியே இருக்கும்மா" என்று எழுதியிருந்தாள். அன்று மாலையே அவர்களுடைய இணையதளத்தைத் துருவி, கிண்ணத்தின் அடிப்பாகத்தைக் காட்டும் படத்தைக் கண்டுபிடித்தேன். 'பொருள் விளங்காத குறிகள், சமயச் சடங்கு சார்ந்தவையாக இருக்கலாம்' என்று ஒரு குறிப்பு.

சடங்காவது மண்ணாவது. அது தமிழ் எழுத்து. எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது கரண்டியிலிருந்து அண்டா வரை பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். பிறந்த வீட்டு விலாசத்தின் முதலெழுத்துகள், பின்னால் பெண்ணின் பெயர், எல்லாம் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியது. படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். என் அத்தையைப் பெற்றவளின் பெயர். இத்தனை வருஷத்தில் ஒரு தமிழ் ஆளைக் கூப்பிட்டு 'இது என்ன' என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

அத்தை என் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அக்கா. காரைக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறார். ரங்கூனில் பிறந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்த நாட்களில் அவருடைய ஆத்தா காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஊருக்குப் புறப்படுவதற்காக மற்ற ஏனம் பாத்திரங்களையெல்லாம் கட்டி வைத்துவிட்டதால், வெளியில் இருந்தது அந்த வெள்ளிக் கிண்ணம் ஒன்றுதான். ஆறு வயதுப் பெண் அதில் கஞ்சி ஊற்றித் தாய்க்குப் புகட்டியிருக்கிறாள். தாய் பிழைக்கவில்லை. பத்து நாள் கழித்து, கைக்குழந்தையாக இருந்த என் அப்பச்சியையும் இவரையும் கப்பலில் ஏற்றினார்கள். கட்டி வைத்த மூட்டைகள் வரவில்லை, அலமாரியில் வைத்த கிண்ணமும் வரவில்லை. சீர்ப் பட்டியல், கல்யாணப் பத்திரம் எல்லாம் அதே அலமாரியில் கிடந்தன.

கிண்ணம் ஜோடியாகச் செய்தது. ஒன்று ரங்கூனுக்குப் போனது. இன்னொன்று அப்பச்சியின் பூர்வீகமான நாட்டரசன்கோட்டை வீட்டில் தங்கியது. அதுதான் பிற்பாடு எனக்குச் சீராக வந்து, அந்த வீட்டு மேல் அறை டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது.

படத்தைக் கொண்டுபோய் அத்தையிடம் காட்டவில்லை. கண் சரியாகத் தெரியாது. கிண்ணம் கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். உடனே கேட்டார்: "மயிலுக்குத் தல இருக்கா?"

"என்ன கேக்குறீக?"

"குண்டு விழப்போகுதுன்னு சங்கு ஊதுன அன்னைக்குப் பயந்து ஓடுறப்ப படியில போட்டுட்டேன்டி. ஒரு மயிலுக்குத் தல நசுங்கிப் போச்சு. ஆத்தா வையக்கூட இல்ல."

போனை எடுத்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே ஒரு மயில், கழுத்துக்கு மேலே சப்பையாக இருந்தது. அத்தைக்கு ஒரே ஒரு ஆசைதான். வருஷத்துக்கு ஒருமுறை இறந்துபோனவர்களுக்குப் பங்காளிகள் கூடிச் சோறு வைத்துக் கும்பிடும் படைப்பு எங்கள் வீட்டில் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணானாலும் அத்தை தவறாமல் வந்துவிடுவார். "அடுத்த படைப்புக்கு அந்தக் கிண்ணத்துலதான் எங்க ஆத்தாளுக்குச் சோறு வைக்கணும்" என்றார். "அதுக்கப்புறம் நான் போனாலும் சரி."

எழுதினேன். பெயரை வாசித்துச் சொன்னேன், மயிலைப் பற்றிச் சொன்னேன், எல்லாம் சொன்னேன். நான் வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள். நோகாமல் கையை விரிக்கும் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். அவர்களுடைய பதில் அந்த ரகத்திலேயே உயர்ந்தது. மனத்தைத் தொட்டதாம். வாய்மொழி நினைவைக் குறித்துக்கொண்டார்களாம். ஆனால் யுத்தத்துக்கு முன்னால் அந்தக் குறி எங்கள் குடும்பத்துக்குரியது என்பதற்கு எழுத்துபூர்வமான சான்று வேண்டுமாம்.

அவர்களிடம் இருக்கிற சான்று என்ன? யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒரு ராணுவ அதிகாரி துண்டுக் காகிதத்தில் எழுதிய ஒற்றை வரி: 'ரங்கூனில் கிடைத்தது.' அவருடைய பேரன் கிண்ணத்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். எந்தத் தெருவில் கிடைத்தது, யார் வீட்டில் கிடைத்தது, யார் கையால் கொடுத்தார்கள் என்று அந்த ஆளை யாரும் கேட்கவில்லை. எடுத்தவன் எழுதியது ஆவணம். பறிகொடுத்தவள் சொல்வது வாய்மொழி. பத்திரங்கள் இருந்த அலமாரியைத் திறந்தவர்களிடமே நான் பத்திரம் காட்ட வேண்டும். அன்றைக்கு வீட்டில் யாரும் என் பக்கத்தில் வரவில்லை, அவ்வளவு கத்தினேன்.

கத்தி முடித்த கையோடு பதிலும் அனுப்பினேன். 'இதன் ஜோடி என்னிடம் இருக்கிறது. அதன் அடியிலும் இதே பெயர் இருக்கிறது. படம் அனுப்புகிறேன், அதற்குப் பிறகு என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.' அந்தக் கடைசி வரியை எழுதியபோது எனக்கு இருந்த திமிரை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மறுநாளே நாட்டரசன்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். மேல் அறையைத் திறந்து, டிரங்குப் பெட்டியில் பழைய பட்டுத்துணிக்குள் சுற்றிக் கிடந்த கிண்ணத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்தேன். என் அப்பச்சியின் விலாசம், என் பெயர். அவ்வளவுதான். சுற்றிலும் வழவழவென்று இருந்தது.

அப்புறம்தான் நினைவு வந்தது. என் கல்யாணத்துக்கு இருபது நாள் முன்னால் பெயர் வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய பேரு இருக்கே, பக்கத்துலயே வெட்டவா, அராவிட்டு வெட்டவா?" என்று கேட்டார். கல்யாணத்தில் சீர்ச் சாமான்களைப் பரப்பி வைக்கும்போது மாமியார் வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார்கள். யாரோ பழைய மனுஷியின் பெயர் இருந்தால் இரவல் சீர் என்று பேசுவார்கள் என்று எனக்குப் பயம். அரத்தால் அராவி அழித்துவிடச் சொன்னேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல, நானேதான் சொன்னேன்.

ரங்கூனில் இறந்தவள் ஊரில் விட்டுப்போன மற்ற சாமான்கள் பாகம் பிரித்தபோதே நாலா பக்கமும் போய்விட்டன. காரைக்குடியில் பழைய சாமான் கடை கடையாக ஏறி, அந்தப் பெயர் போட்ட ஒரு குவளையாவது இருக்காதா என்று தேடினேன். ஒரு கடைக்காரர் பாவப்பட்டு ஸ்டூல் போட்டார். "பேரெல்லாம் தேச்சுட்டுத்தான் ஆச்சி விப்போம். வாங்குறவுகளுக்கு அடுத்தவுக பேரு இருந்தா புடிக்காது. வீணா அலையுறீக" என்றார். அவர்மேலும் எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். அவர் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன் என்பதால் கோபம் இன்னும் கூடியது.

உள்ளதை உள்ளபடி எழுதி, என் பெயர் போட்ட அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது. நேர்மைக்கு நன்றியாம். இந்த நிலையில் மேற்கொண்டு பரிசீலிக்க இயலாதாம். கிண்ணத்தின் பெரிய வண்ணப்படம் ஒன்றை இலவசமாக அனுப்புவார்களாம். கூடவே, என்னிடம் இருக்கும் கிண்ணத்தின் படத்தை 'ஒப்பீட்டுக்காக' அவர்களுடைய பட்டியலில் வெளியிட அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு நான் எழுதியதை இங்கே எழுத முடியாது.

அத்தையிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. படைப்பு நாள் வந்துவிட்டது. "அது இன்னும் வரல அத்தை, ஜோடியை எடுத்து வச்சிருக்கேன், இதுல வைங்க" என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார். மயில்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு கவிழ்த்து, அடியில் இருந்த புள்ளிகள்மேல் விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். விரல் நின்றது.

"இது யாரு பேருடி?"

"என் பேரு அத்தை."

"எங்க ஆத்தா பேரு?"

"கல்யாணத்துக்கு அராவிட்டேன்."

வைவார் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் தேவலை.

"களவாண்டு போனவன்கூட அழிக்கலையேடி" என்றார். "அவன்கிட்ட எங்க ஆத்தா பேரு பத்திரமா இருக்கு. அங்கேயே இருக்கட்டும்."

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த ஆத்திரம் அத்தனையும் என்னிடமே திரும்பி வந்தது. அத்தை இலையிலேயே சோற்றை வைத்துக் கும்பிட்டார். கிண்ணம் அவர் பக்கத்தில் தரையில் கவிழ்ந்தபடியே இருந்தது, என் பெயர் எல்லோர் கண்ணிலும் படும்படி.