இடது இருக்கையில் உட்கார்ந்த எதிரி

அறுவடை நெல் எல்லாம் அரைத்து முடிந்து, பாரிட் புந்தாரில் நான் கணக்கெழுதும் ஆலை சில நாள் மூடிக் கிடந்தது. வீட்டில் இருந்தால் கூரையில் ஏறச் சொல்வார்கள், கோழிக்கூடு கட்டச் சொல்வார்கள். அந்தச் சமயத்தில்தான் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மோட்டார் ஓட்டப் பந்தயம் நடக்கப்போகிறது என்று காதில் விழுந்தது. மலாய் நாட்டில் பெயர் பெற்ற வண்டிகளெல்லாம் வரும் என்றார்கள். மோட்டார் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மறுநாளே கிளம்பிவிட்டேன்.

பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்காக வழிச்செலவையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பு ரயில் டிக்கட் ஒரு வெள்ளி அறுபது காசு. தைப்பிங், கோலா கங்சார் வழியாக ஈப்போ போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். பேராக் ஆற்றுப் பாலத்தைத் தலை நீட்டி ரசித்ததற்கு எஞ்சின் கரி எனக்குப் புள்ளி புள்ளியாகக் கோலம் போட்டுவிட்டது.

ஈப்போவில் ஒரு இரவு தங்கினேன். காலையில் ஸ்டேஷன் வாசலில் வாடகை மோட்டார் கிடைத்தது. தோட்டம் ஒன்பது மைல், ஆளுக்கு முப்பது காசு. ஓட்டியவர் பெயர் கருப்பண்ணன். சுண்ணாம்பு மலைகளைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் நுழைந்ததும், நான் கேட்காமலே பந்தயக் கதையை ஆரம்பித்தார்.

"நம்ம ஆளுங்க ரெண்டு பேரு ஓட்டுறாங்கண்ணே. தங்கையா, அருளப்பன். ரெண்டு பேருக்கும் ஒரே மொதலாளி, ஈயச் சுரங்கம் வச்சிருக்குற சீனத் தவுக்கே."

"ஆளுக்கொரு வண்டியா?"

"இல்லண்ணே, ஒரே வண்டிதான். அதுலதான் வேடிக்கையே இருக்கு. ஒருத்தன் ஓட்டுறப்ப இன்னொருத்தன் பக்கத்துல உக்காந்து பம்பு அடிக்கணும். ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்த கெடையாதுலா!"

அந்த வண்டியில் பெட்ரோல் தானாக எஞ்சினுக்குப் போகாது. இடது பக்கம் உட்கார்ந்தவர் கைப் பம்பை விடாமல் அடித்துக்கொண்டே வர வேண்டும். அதோடு இடது பக்க வளைவு வந்தால் அவர் உடம்பை வெளியே தள்ளிச் சாய வேண்டும். அந்தப் பாரம்தான் வண்டி வழுக்காமல் பிடிக்கும். பழகாத ஆளை ஏற்றினால் நடு மேட்டில் வண்டி செத்துவிடுமாம். இந்த வேலை தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். அதனால் எதிரிக்கு எதிரியே துணையாள். அடுத்த மாதம் சிங்கப்பூரில் பெரிய பந்தயம். இன்று குறைந்த நேரத்தில் மேடேறுகிறவனுக்குத்தான் அங்கே ஓட்டும் இடம் என்று தவுக்கே சொல்லிவிட்டாராம்.

"ஏங்க, எதிரி ஓட்டுறப்ப பம்ப கொஞ்சம் மெதுவா அடிச்சுட்டா?" என்று கேட்டேன்.

கருப்பண்ணன் சிரித்தார். "அதத்தாண்ணே ஈப்போவே கேட்டுக்கிட்டு இருக்கு."

தோட்டத்தின் செம்மண் சாலை ஒரு மைல் தூரம் மேடேறுகிறது. முடிவுக் கோட்டில் துரைமார் கூடாரத்தைச் சுற்றி ஒரே நெரிசல். நான் பாதி மேட்டில் இருந்த இடது வளைவுக்குப் போனேன். அங்கே பால் மரங்கள் சாலையை ஒட்டியே நின்றன. அன்று பந்தயம் முடிந்த பிறகுதான் பால் எடுக்கலாம் என்று உத்தரவாம். ஒவ்வொரு மரத்திலும் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நிறைந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் வாளியோடு உட்கார்ந்து கதையளந்துகொண்டிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டு வெற்றிலை கொடுத்தார்கள்.

துரைமார் வண்டிகள் சில போயின. நன்றாகத்தான் போயின, குறை சொல்ல மாட்டேன். பிறகு தவுக்கேயின் வண்டி வந்தது. ஓட்டியவன் அருளப்பன். மெலிந்த ஆள், தாடையை இறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தங்கையா, நல்ல பருமன். பம்பில் அவன் கை நிற்கவே இல்லை. ஆனால் வளைவில் வண்டி திரும்பியபோது பின்சக்கரம் வெளியே அலைந்தது. செம்மண் என் மேல் கொட்டியது. அருளப்பன் அசாத்தியமாக வண்டியை இழுத்துப் பிடித்து மேலே கொண்டுபோனான்.

சற்று நேரத்தில் இடம் மாறி வந்தார்கள். இப்போது தங்கையா ஓட்டினான். அருளப்பன் என்ன செய்யப்போகிறான் என்று வாளிக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வளைவு வந்தது. இடுப்பு வரைக்கும் வண்டிக்கு வெளியே வந்துவிட்டான் அந்த மனுஷன்! ஒரு கை வண்டியைப் பிடித்திருந்தது, மறு கை பம்பை அடித்துக்கொண்டிருந்தது, தலை மரங்களை உரசிக்கொண்டு போனது. ஒரு மங்கு பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. வண்டி கொஞ்சங்கூட வழுக்காமல் திரும்பி மறைந்தது. எல்லோரும் கத்தினோம், நான்தான் அதிகம் கத்தியிருப்பேன்.

தங்கையா இரண்டு விநாடி முந்திவிட்டான் என்று செய்தி வந்தது. பார்த்தே ஆக வேண்டும் என்று, வண்டிகள் நிற்கும் பால் கொட்டகைக்கு இறங்கி ஓடினேன். தவுக்கே தங்கையாவின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். தங்கையா அதைக் கவனிக்கவில்லை. அருளப்பனின் இடது தோளையே பார்த்தான். தோளும் காதும் வெள்ளையாகப் பால் அப்பிக் காய்ந்துகொண்டிருந்தன.

"மரம் வரைக்குமா சாஞ்சே?" என்றான் தங்கையா. அவர்கள் பேசி எத்தனை காலம் ஆயிற்றோ, சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"சாஞ்சாத்தான வண்டி திரும்பும்."

தங்கையா தன் தோளைப் பார்த்தான். அதில் ஒரு சொட்டுப் பாலும் இல்லை. "நீ ஓட்டுறப்ப நான் சாயல. மரத்தப் பாத்ததும் பயந்து உள்ள இழுத்துக்கிட்டேன்."

"தெரியும். பின்சக்கரம் அலஞ்சப்பவே தெரியும்லா."

"தெரிஞ்சுமா எனக்குச் சாஞ்சே?"

"ஒன் மேல எனக்குக் கோவம். வண்டி என்னா பண்ணுச்சு?" என்றான் அருளப்பன்.

தங்கையா உடனே தவுக்கேயிடம் மலாய் மொழியில் நடந்ததைச் சொல்லிவிட்டான். அருளப்பனை இன்னொரு தரம் ஓட விடுங்கள் என்று கேட்டான். தவுக்கே மேலே கூடாரத்துக்குப் போய்ப் பந்தயம் நடத்தும் துரையிடம் பேசிப் பார்த்தார். பந்தயம் முடிந்தது முடிந்ததுதான் என்று பதில் வந்தது. தங்கையா, ஓட்டுகிறவன் தூசுக்குப் போடும் கண்ணாடியைக் கழற்றி அருளப்பனிடம் நீட்டினான். "சிங்கப்பூர்ல நீயே ஓட்டு."

அருளப்பன் அதை வாங்கவில்லை. "நீ குடுத்து எனக்கு வேணாம். அடுத்த தடவ நானே ஜெயிச்சு எடுத்துக்கிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுத வெட்கமில்லை. கிடைக்கிற இடத்தை விடாதே என்று நானாக இருந்தால் எனக்கே புத்தி சொல்லியிருப்பேன்.

தங்கையா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு வண்டியின் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து பம்பைப் பிடித்தான். "ஒரு தடவ மேல போய்ட்டு வரலாம், வா" என்றான். அருளப்பன் தவுக்கேயைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் திரும்பிச் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டார். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது.

மேலே கூடாரத்தில் அதற்குள் கொடியை மடித்துவிட்டார்களாம். நேரம் பார்க்க யாரும் இல்லை. பால் எடுக்கக் கிளம்பியவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள். மேட்டில் ஏறும் சத்தத்தை மட்டும்தான் நாங்கள் கேட்டோம். வளைவில் அது ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. திரும்பி வந்தபோது தங்கையாவின் நெற்றியில் சிராய்ப்பு, தோள் முழுக்கப் பால். அருளப்பன் எஞ்சினை நிறுத்திவிட்டு, "இப்பத்தான் வண்டி திரும்புச்சு" என்றான். தங்கையா தலையை ஆட்டினான். அதற்கு மேல் அவர்கள் பேசியதாகத் தெரியவில்லை. கோபம் தீர்ந்ததா என்றும் தெரியவில்லை.

சிங்கப்பூரில் ஓட்டப்போவது தங்கையாதான். பக்கத்தில் அருளப்பன். அங்கே போக நினைக்கிறவர்கள் ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கட் வாங்கிவிடுங்கள். குடையும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். அன்று தோட்டத்தில் விற்ற சோறு வேகவே இல்லை. முடிவுக் கோட்டுக்குப் போகாமல் இடது வளைவாகப் பார்த்து நில்லுங்கள், ஆனால் சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். ஆலை திறந்துவிடும், லீவு கேட்டால் முதலாளி முறைப்பார். இருந்தாலும் நான் போகிறேன். ஓட்டுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் சாய்கிறவனைப் பார்க்கத்தான் போகிறேன்.